கொலுப்படி ஏறிய ஸ்விட்ச்

“இதை வெளியாட்கள் யாராவது பார்த்திருக்காங்களா?”

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, தில்லைநகரில் ஒரு மாடி அறையில் இந்தக் கேள்வி எங்கள் முன்னால் வந்து விழுந்தது. கேட்டவர் ஷாஹிதா மேடம். பேட்டன்ட் ஏஜென்ட். அதாவது, ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், ‘இது என்னுடையது’ என்று அரசாங்கத்திடம் பதிவு செய்ய எழுதிக் கொடுப்பவர்.

எதிரே நாங்கள் மூன்று பேர். கண்டுபிடித்த எலக்ட்ரீஷியன் சவரிமுத்து. அதை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்த ரங்கநாயகி மாமி. அப்புறம் நான். மேசை மேல் ஒரு பலகை. பலகையில் ஒரு ஸ்விட்ச்.

சவரிமுத்து கம்பீரமாகச் சொன்னார். “ஒரு ஈ காக்கா பார்க்கல மேடம்.”

மாமி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல விசிறி.

என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். எனக்கு வேகமாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் பிடிக்கும். நீங்களும் நிதானமாகவே படியுங்கள்.

ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது. அரியமங்கலம் பக்கம் ஒரு ஸ்விட்ச் கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. அதில் இருபத்தெட்டு வருஷம் ஸ்பிரிங் மாட்டினேன். நீங்கள் தட்டினால் டொக் என்று சத்தம் வருகிறதே... அந்த டொக் ஸ்பிரிங்கிலிருந்து வருவது. மாட்டி முடித்ததும் காதருகே வைத்து ஒரு தட்டு. சத்தம் சரியாக இருந்தால் பெட்டிக்குள் போகும். இல்லையென்றால் திரும்பிப் போகும். மெஷின் வைத்துச் சோதித்தவர்களும் கடைசியில், “மரகதக்கா, நீங்க ஒரு தடவை கேட்டுடுங்க” என்று என்னிடம்தான் வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சவரிமுத்து பாலக்கரைக்காரர். அதே கம்பெனியில் எனக்கு இரண்டு மேசை தள்ளி வேலை பார்த்தவர். சும்மா இருக்க மாட்டார். ஒருமுறை, ஸ்பிரிங் நழுவி விழாமல் இருக்க ஒரு சின்னக் கொக்கி வைத்தார். அற்புதமான கொக்கி! சில மாதம் கழித்து முதலாளி அறைச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பேட்டன்ட் காகிதம் தொங்கியது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதலாளியின் மச்சான் பேர். அந்த மச்சானுக்கு ஸ்விட்ச்சை மேலே தட்டினால் எரியுமா, கீழே தட்டினால் எரியுமா என்றே தெரியாது.

அன்றைக்குச் சவரிமுத்து மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். கம்பெனி மூடியபிறகு வீடு வீடாக வயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்தக் காகிதம் அவர் மனச்சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது என்பது எனக்குத் தெரியும். “அக்கா, சாகறதுக்குள்ள ஒரே ஒரு காகிதத்துல என் பேரு வரணும்” என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

இப்போது ரங்கநாயகி மாமியிடம் வருவோம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படித்துவிட்டு, என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே கொண்டுவந்து கொடுத்தவர். முதல் நாள் சண்டை. இரண்டாம் நாள் காபி. அப்படி ஆரம்பித்தது எங்கள் சிநேகிதம்.

மாமிக்கு மடி முக்கியம். காலையில் குளித்துவிட்டுப் பெருமாளுக்குத் தளிகை செய்து முடிக்கிறவரை, நாலு பேர் தொட்ட எதையும் தொட மாட்டார். ஸ்விட்ச்சை நாலு பேர் தொடாமல் இருப்பார்களா? அதனால் அகப்பைக் காம்பால் அழுத்துவார். விளக்குக்கு அகப்பை. விசிறிக்கு அகப்பை. மிக்ஸிக்கும் அகப்பைதான்.

இதில் என்ன சிக்கல் தெரியுமா? விரல் டக்கென்று தட்டும். அகப்பைக் காம்பு தயங்கித் தயங்கி அழுத்தும். ஸ்விட்ச் பாதி வழியில் நிற்கும். உள்ளே இருக்கும் இரண்டு உலோகமும் தொட்டும் தொடாமலும் நின்றால் நடுவில் பொறி பறக்கும். சிர்ர்... என்று ஒரு சத்தம். மூன்று மாதத்தில் ஸ்விட்ச் கருகிவிடும். மாமி வீட்டுக்கு ஸ்விட்ச் மாற்ற வந்து வந்து சவரிமுத்துவுக்கு அலுத்துவிட்டது.

“மாமி, ஒரு தடவை கையால தட்டிட்டு, கையைக் கழுவிக்கக் கூடாதா?”

“ஏன், உன் ஸ்விட்ச்சைக் கொஞ்சம் மாத்தக் கூடாதா?”

நியாயம்தானே? சவரிமுத்து அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக, எந்த மூலையில், எதைக்கொண்டு அழுத்தினாலும் பாதி வழியில் நிற்காத ஒரு ஸ்விட்ச்சைச் செய்தார். போனால் முழுசாகப் போகும். இல்லையென்றால் போகவே போகாது.

ஒன்றை மாமியின் சமையலறைச் சுவரில் பொருத்தினார். இன்னொன்றை ஒரு பலகையில் வைத்து, பல்பு மாட்டி, “தினமும் இதை நூறு தடவையாவது அழுத்திப் பாருங்க மாமி” என்று கொடுத்தார்.

மாமியா நூறோடு நிற்பவர்? சாயங்காலம் பெருமாளின் ஆயிரம் நாமம் சொல்வது அவர் வழக்கம். ஒரு நாமத்துக்கு ஒரு அழுத்து. கம்பெனியில் இதற்கென்று ஓடும் மெஷின்கூட நடுநடுவே எண்ணிக்கையை விட்டுவிடும். மாமிக்கு எண்ணிக்கை தப்பவே தப்பாது... தப்பினால் பெருமாளிடம் அல்லவா பதில் சொல்ல வேண்டும்!

என்னிடமும் சவரிமுத்து அந்த ஸ்விட்ச்சைக் காட்டினார். மூடியபடியே. உள்ளே காட்டவில்லை, தட்டிப் பார்க்கவும் விடவில்லை.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பத்திரிகைல எழுதறவங்க. பதிவு செய்யறதுக்கு முன்னாடி விஷயம் வெளிய போச்சுன்னா, அது புதுசு இல்லன்னு தள்ளிடுவாங்களாம். என் பேரு அவ்வளவுதான். ஒரு வரிகூட எழுதிடாதீங்க.”

இருபத்தெட்டு வருஷம் ஸ்பிரிங் மாட்டியவளிடம் மூடிய ஸ்விட்ச்! மனசு சுருக்கென்றது. ஆனாலும் சத்தியம் செய்தேன். ஆடி மாதத்திலிருந்து இந்தப் பத்தி ஏன் உப்பில்லாமல் இருந்தது என்று கேட்டு எழுதியிருந்தீர்களே... காரணம் இதுதான். ஊருக்கே சொல்லத் தூண்டும் விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, நகரப் பேருந்தைப் பற்றியும் கத்தரிக்காயைப் பற்றியும் எழுதினேன்.

அப்புறம் நவராத்திரி வந்தது.

முதல் நாள் சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போனேன். விளக்கேற்றவில்லை. யாரும் வந்திருக்கவில்லை. மாமி உள்ளே கொண்டைக்கடலைச் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஏழு படி கொலு. கடைசிப் படியில் செட்டியார் பொம்மை. செட்டியாருக்குப் பக்கத்தில்...

பலகை. ஸ்விட்ச். அதிலிருந்து ஒயர் போய், பொம்மைப் பூங்கா முழுக்கச் சீரியல் பல்பு. முன்னால் மாமியின் முத்தான கையெழுத்தில் ஓர் அட்டை: ‘அகப்பையால் அழுத்தும் அதிசய ஸ்விட்ச். செய்தவர் நம் சவரிமுத்து.’

“மாமி! வெளிய சொல்லக் கூடாதுன்னாரே!”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “நான் எங்கே சொன்னேன்? வச்சேன். அவ்வளவுதானே?”

யோசித்துப் பார்த்தேன். என்னை எழுதக் கூடாது என்றார். மாமியைச் சொல்லக் கூடாது என்றார். கொலு வைக்கக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லையே! நியாயமாகத்தான் பட்டது. அந்த நேரத்தில் தாளிப்பு வாசனை வேறு.

சரி, அழுத்திப் பார்க்கலாம் என்று ஒரு தட்டுத் தட்டினேன். டொக் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து ‘க்டக்’ என்று ஏதோ ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்ன சத்தம்? எங்கள் மேசையில் இந்தச் சத்தம் வந்திருந்தால் அந்த ஸ்விட்ச் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். பாவம் சவரிமுத்து, வயசாகிவிட்டது, காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். மாமி வீட்டு டெஸ்டரை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

ஸ்பிரிங் சரியாக இருந்தது. தொட்டுப் பிரியும் காண்டாக்ட் சரியாக இருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு நைலான் துண்டு. அரைப் புளியங்கொட்டை அளவு. இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு துண்டை நான் எந்த ஸ்விட்ச்சிலும் பார்த்ததில்லை. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தபோது பிசிறு உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். நகத்தால் நெம்பி எடுத்தேன். மூடியைப் பூட்டினேன். தட்டினேன்.

டொக்!

ஆகா. என் கம்பெனிச் சத்தம். என்ன ஒரு திருப்தி!

எடுத்த துண்டைக் குப்பையில் போடவில்லை. எங்கள் கம்பெனிப் பழக்கம் அது. மாட்டியது போக மிஞ்சியது தூசியாக இருந்தாலும் கீழே போடக் கூடாது, சாயங்காலம் சூப்பர்வைசர் கையில் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் இல்லை. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

ஒன்பது நாளும் கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் மாமி அகப்பையால் அழுத்திக் காட்டினார். ஆறாம் நாள், “என்னமோ மினுக்கறது மரகதம், சிர்ருங்கறது” என்றார். சீரியல் பல்பில் கோளாறு இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நிபுணர் சொன்னால் மறுபேச்சு உண்டா?

சவரிமுத்து அந்த நாட்களில் தொட்டியத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வயரிங் செய்துகொண்டிருந்தார். கொலு வைத்த கதை அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து, மாமியிடம் பலகையை வாங்கி, துணியில் சுற்றி, மறுநாள் எங்களையும் கூட்டிக்கொண்டு தில்லைநகருக்குப் போனார். சோதித்துப் பார்த்தவர் என்று மாமி. மாமி கையில் அகப்பை. துணைக்கு நான்.

ஷாஹிதா மேடம் நல்ல மாதிரி. முதலில் கம்ப்யூட்டரில் பழைய பேட்டன்ட் படங்களைக் காட்டினார். ஆதியில் ஸ்விட்ச் என்றால் கையால் இழுக்கிற ஒரு செப்புத் தகடுதானாம். மெதுவாக இழுத்தால் நெருப்பு தாவுமாம். பொறுக்க முடியாமல் ஒருவர் ஸ்பிரிங் வைத்து, கை மெதுவாக இழுத்தாலும் தகடு படாரென்று பிரியும்படி செய்து, பதிவு செய்திருக்கிறார். அப்புறம் ஒருவர் குமிழ். ஒருவர் இரட்டைப் பொத்தான். ஒருவர் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி, சத்தமே போடாத ஸ்விட்ச். இன்னொருவர், பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசாப்பலகை மாதிரி, இப்போது நம் வீட்டில் இருப்பது. பதிவு செய்தால் இருபது வருஷம் அவர்களுடையது. அதற்கப்புறம் ஊருக்கே பொது.

சாதாரண ஸ்விட்ச்சுக்கு இத்தனை மூளையா? ஒரு படத்தில் நான் தினமும் மாட்டிய அதே வளைவுள்ள ஸ்பிரிங் இருந்தது. கூடப் பிறந்தவரை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அதை வளைத்தவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கிறது... நான் கேட்டதே இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி. வெளியாட்கள் யாராவது பார்த்திருக்காங்களா?

நான் விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமி அப்படியில்லை. பொய் சொல்ல வராது.

“கொலுவுல வச்சேன்” என்றார்.

சவரிமுத்து முகத்தில் ரத்தம் சுண்டியது. “கொலுவுலயா? எத்தனை பேரு வந்தாங்க மாமி?”

“சித்திரை வீதி முழுக்க வந்தா. உத்தர வீதியிலேர்ந்தும் வந்தா. சுண்டல் பத்தாம மறுபடி நனைச்சேன்.”

ஷாஹிதா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “கவர்மென்ட் முன்னாடியே அறிவிச்ச எக்ஸிபிஷன்னா சட்டத்துல கொஞ்சம் இடம் இருக்கு மாமி. கொலுவை கவர்மென்ட் அறிவிக்கலையே...”

“ஏன், காலண்டர்ல சிவப்பு எழுத்துல போட்டிருக்காளே! இன்னும் எப்படி அறிவிப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். “வெளிய பார்த்தது பெரிசில்ல. உள்ளே யாராவது பார்த்தாங்களா? அதான் முக்கியம்.”

“உள்ள யாரு பார்க்கப் போறா? இதோ பாருங்க” என்று சவரிமுத்து மூடியைக் கழற்றினார்.

கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“காணோம்... மேடம், அந்தத் துண்டைக் காணோம். அதுதான் மேடம் கண்டுபிடிப்பே. யாரோ திறந்து எடுத்துட்டாங்க. தொழில் தெரிஞ்சவன் எவனோ வந்திருக்கான்...” மூடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். “மறுபடியும் போச்சுக்கா” என்று என்னைப் பார்த்தார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எடுத்துப் போனாரே, அதே முகம்.

ஒரு நொடி யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன்... பேசாமல் இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். இருபத்தெட்டு வருஷப் பேர் எனக்கு. கண்ணாடிக் கூடு மடியில் கல் மாதிரி கனத்தது. ஆனால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

கூட்டைத் திறந்து, துண்டை எடுத்து, மேசைமேல் வைத்தேன்.

“குப்பைன்னு நினைச்சேன் தம்பி.”

சவரிமுத்து துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

“குப்பையா? ரெண்டு வருஷம்க்கா!”

“சத்தம் சரியில்லப்பா. அதான்...”

ஷாஹிதா மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருங்க, இருங்க. எப்ப எடுத்தீங்க?”

“முதல் நாள். விளக்கேத்தறதுக்கு முன்னாடி.”

“அப்ப யாரு இருந்தாங்க?”

“நானும் செட்டியார் பொம்மையும்.”

“வேற யாருக்காவது காட்டினீங்களா?”

“குப்பையை யாருக்குக் காட்டுவாங்க?”

“அப்போ ஒன்பது நாளும் கொலுவுல இருந்தது...”

“சாதா ஸ்விட்ச்” என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“அதான் மினுக்கித்தா!” என்றார் மாமி. “சீரியல் பல்புன்னு சொன்னியேடி!”

மேடம் விடவில்லை. “சமையலறைச் சுவர்ல ஒண்ணு இருக்கே மாமி, அதை?”

“என் சமையலறைக்குள்ள என் மாட்டுப்பொண்ணே குளிக்காம வர முடியாது. சுண்டலுக்கு வந்தவாளையா விடுவேன்?”

மேடம் சிரித்துவிட்டார். ரகசியத்தைக் காப்பாற்ற இதைவிடப் பாதுகாப்பான இடம் எந்தப் பெரிய கம்பெனியிலும் இருக்காது என்றார். ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு காகிதத்தில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எழுதிப் படித்துக் காட்டினார். ‘மரகதம் ஆகிய நான், ஸ்விட்ச் தயாரிப்பில் இருபத்தெட்டு வருஷ அனுபவம் உள்ளவள், மேற்படி துண்டைக் குப்பை என்று கருதி நீக்கினேன்.’

“அந்தக் குப்பைங்கறதை மட்டும் எடுத்துடலாமாம்மா? ‘தவறுதலா’ன்னு போட்டா நல்லா இருக்குமே.”

“அம்மா, அதுதான் நமக்குப் பலமே! பழசிலேர்ந்து சுலபமா யாருக்கும் தோணிடற விஷயமா இருந்தா பேட்டன்ட் கிடைக்காது. இத்தனை வருஷம் இதே தொழில்ல இருந்தவங்க, கையில எடுத்துப் பார்த்தும் என்னன்னு புரியலைன்னா... இதைவிட நமக்கு வேற என்ன வேணும்?”

சவரிமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவினேன். சிரிப்பு!

மேடம் மை டப்பாவை நகர்த்தினார். எனக்குச் சுள்ளென்று வந்தது. கைநாட்டா? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள் நான். பேனாவை வாங்கினேன். ம... ர... க... த... ம்... ஐந்து எழுத்தையும் நிதானமாக, ஒன்றை ஒன்று இடிக்காமல் போட்டேன். மாமி எட்டிப் பார்த்து, “பிழையில்லை” என்றார்.

போன வியாழக்கிழமை விண்ணப்பத்துக்கு நம்பர் வந்துவிட்டது. பேட்டன்ட் கையில் வர நாளாகுமாம். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சவரிமுத்து பேர் மட்டும்தான் இருக்கிறது. மச்சான் யாரும் இல்லை. அந்தக் காகிதத்தை அவர் பாலக்கரை முழுக்கக் காட்டிவிட்டு, கடைசியாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இனி எழுதலாம் என்று மேடம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்தத் துண்டு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் புரியவும் இல்லை.

வந்தவர் சும்மா போகவில்லை. என் வீட்டுக் கூடத்திலும் அதே ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் அந்த ‘க்டக்’ சத்தம் இருக்கிறதே... என் காதுக்கு அது இன்னும் தப்பாகத்தான் படுகிறது. நேற்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

பாவி மனுஷன், ஸ்க்ரூ மேலே பசை ஊற்றி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்!